தத்துமகளும் துப்பறியும் கதையும்

துப்பறியும் கதை என்றவுடன் முகம் சுளிப்பது தமிழ்த்துறைகளில் நெடுநாளைய வழக்கம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உரைநடை படிக்கும் பழக்கத்தையே வீடுதோறும் கொண்டு சேர்த்தவர்கள். இலக்கிய வரலாற்று நூல்களில் இவர்களுக்குக் கிடைத்திருப்பதோ ஒரு பத்தி. அதிலும் பாதி ஏளனம். பின்வந்த தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும், சுஜாதாவின் கணேஷ் – வசந்துக்கும், கோவையிலிருந்து எழுதிக் குவித்த ராஜேஷ்குமாரின் விவேக்குக்கும் அந்த ஒரு பத்தியும் அரிது. ஆயினும் நம்மில் பலர் கையில் சங்கப் பாடல் புகுமுன் புகுந்தவை, பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களே. இதை மறைப்பதில் பொருளில்லை.

இம்மலருக்கென மாணவர்கள் எழுதித் தந்த படைப்புகளுள் ஒரு துப்பறியும் கதையும் இருந்தது. எளிய குடும்பமொன்றில் தத்துப்பிள்ளையாக வளர்ந்த பெண் ஒருத்தி, தன்னைப் பெற்றவர் பெருஞ்செல்வர், நூற்பாலை உடைமையாளர் என்று 22-ஆம் வயதில் அறிகிறாள். அவர் மாளிகைக்கு விருந்தாளியாகச் செல்கிறாள். அன்றிரவே பெரியவர் கொலையுண்டு கிடக்கிறார். உடன்பிறந்தார் அனைவரின் விரலும் அவளை நோக்கி நீள்கிறது. பல மொழிகளிலும் பலமுறை எழுதப்பட்ட கதைக்கருதான். ஆயினும் நடை நன்று. உரையாடலில் உயிர் இருக்கிறது. கொலையாளி யார் என்பதை என்னால் இறுதிவரை ஊகிக்க இயலவில்லை. படித்து முடித்தபின் ஒரு வினா மட்டும் எஞ்சி நின்றது. பள்ளிபாளையத்தில் அமர்ந்து எழுதிய இக்கதையில் பள்ளிபாளையம் எங்கே?

தத்து, கைவிடுதல், பெற்றோரைத் தேடுதல் ஆகியவை நம் மாவட்டத்திற்கு இரவல் பொருள்கள் அல்ல. கதை எழுத நாம் கடல் கடந்து கரு தேட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதை விளக்கும் முன் கதையின் அடித்தளத்தைச் சற்றுத் தட்டிப் பார்ப்போம்.

கொலைக்குக் காரணமாகக் கதையில் காட்டப்படுவது சொத்து. திரும்பி வந்த மகள் பங்கு கேட்பாள் என்ற அச்சம். இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, முறையாகத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைக்கும் பிறந்த குடும்பத்துக்கும் உள்ள உறவு அந்நாளிலேயே அறுந்துவிடுகிறது. தத்துக்கு முன்பே அவள் பெயருக்கு வந்து சேர்ந்த சொத்து ஏதேனும் இருந்தால் அது மட்டும் அவளுடையது. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் இதையே சொல்கிறது. ஆகவே, முறைப்படி தத்துப்போன மகள் பிறந்த வீட்டு வாசலில் வந்து நின்றால், உடன்பிறந்தார் அவளுக்குக் காப்பி கொடுத்து உபசரித்து அனுப்பலாம். அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. கொலைக்குரிய காரணமே கரைந்து போகிறது.

ஆனால் அத்தத்து முறையானதாக இல்லாதிருந்தால்? குழந்தை களவாடப்பட்டோ விலைக்கு விற்கப்பட்டோ போயிருந்தால்? அப்போது சட்டத்தின் கண்ணில் தத்து நிகழவே இல்லை. அவள் இன்றும் பெற்றவரின் மகளே. முதல் வாரிசுகளுள் ஒருத்தியே. தமிழகத்தில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளிர்க்குப் பங்களித்துவிட்டன. கதாசிரியர்க்கு வேண்டிய கொலைக்காரணம் இங்கேதான் உயிர்பெறுகிறது. பிள்ளையை இழந்த இடத்தில் ஒரு குற்றம் நடந்திருந்தால்தான், பிள்ளை திரும்பிவந்த இடத்தில் இன்னொரு குற்றத்துக்குக் காரணம் பிறக்கும். மாளிகையில் கிடக்கும் பிணம் இரண்டாவது குற்றம். முதற்குற்றத்தை நம் கதைகள் தேடுவதேயில்லை.

அம்முதற்குற்றம் எப்படியிருக்கும் என்பதை அறிய நாமக்கல் மாவட்டத்தார் வெகுதொலைவு போக வேண்டா. 2019 ஏப்ரலில் இராசிபுரத்திலிருந்து ஓர் உரையாடல் ஒலிப்பதிவு வெளிவந்தது. ஓய்வுபெற்ற செவிலி உதவியாளர் ஒருவர், 30 ஆண்டுகளாகக் குழந்தைகளை வாங்கி விற்றுவருவதாகத் தொலைபேசியில் கூறியதை நாடே கேட்டது. பெண்குழந்தைக்கு ஒரு விலை, ஆண்குழந்தைக்கு அதனினும் கூடுதல் விலை, நிறம் சிவந்திருந்தால் அதற்கும் மேல். சந்தையில் ஆட்டுக்குட்டிக்குப் பேசும் பேச்சு. கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி. காவலர்களிடம் சென்றது. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டில் அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகர் ஒருவரும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளை விற்க முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாயினர். இராசிபுரமும் திருச்செங்கோடும் நமக்கு அயலூர்கள் அல்லவே.

இராசிபுர உரையாடலில் என்னை அதிரவைத்தது குழந்தையின் விலை அன்று. பிறப்புச் சான்றிதழுக்குத் தனிவிலை பேசப்பட்டது: 70,000 ரூபாய். வாங்குபவரே பெற்றோர் என்று நகராட்சிப் பதிவேட்டில் ஏறிவிடும். இது தத்து என்ற வேடம்கூடப் பூணவில்லை என்பதைக் காண்க. இது பிறப்பு என்று வேடம் பூணுகிறது. தத்தென்றால் எங்கேனும் ஒரு கோப்பு இருக்கும். கோப்பில் ஒரு பெயர் இருக்கும். இங்கே ஒரு தாய் பதிவேட்டிலிருந்து துடைக்கப்படுகிறாள். அவள் பெற்ற மகளுக்கோ தான் துடைக்கப்பட்டது தெரியாது. எந்தச் சங்கர்லால் வந்தாலும் தேடத் தொடங்குவதற்கு ஒரு நுனி இல்லை. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை அச்சான்றிதழே ஆதாரம் என்றாகியிருக்கிறது. அதில் எழுதப்படும் ஒரு பொய் இனி வாழ்நாள் முழுவதையும் தாங்கும் தூணாகிவிடும்.

மற்றொன்றையும் கதைகள் தலைகீழாக்கிவிட்டன. கதையில் பெற்றவர் செல்வர், வளர்த்தவர் ஏழை. நம் மண்ணில் நடப்பது நேர்மாறு. தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கி, அதைத் தீர்க்க இயலாமல் கணவனும் மனைவியும் இரவு பகலாக உழைக்கும் குடும்பத்தில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் இடைத்தரகர் வாசலுக்கு வருகிறார். 2025 சூலையில் பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் தரகர்வழி விலைபோன செய்தி வந்ததே. அதே வறுமை, அதே வாசல். செல்வம் இருப்பது வாங்கும் வீட்டில். பெற்ற வீட்டில் இருப்பது கடன். அப்படியிருக்க ஏன் நம் கதைகளில் மட்டும் பெற்றவர் எப்போதும் மாளிகைவாசியாக இருக்கிறார்? குடிசையில் வளரும் எந்தக் குழந்தையும் என்றேனும் ஒருநாள் கண்டிருக்கக்கூடிய கனவு அது என்பதால். கனவில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தன் பெற்றோரைத் தேடும் ஒருத்தி மாளிகையைத் தேடுகிறாள் என்று படிப்போர் நம்பத் தொடங்கிவிட்டால், உண்மையில் தேடுபவளை நாம் பேராசைக்காரியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

உண்மையில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது அதனுள் அடங்கியிருந்தது, 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. கொல்லாதீர்கள், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள், யாரும் வினவமாட்டார்கள் என்று அரசு சொன்னது. அத்தொட்டிலில் முதலில் கிடந்த குழந்தைகள் இன்று முப்பதைக் கடந்த மகளிர். சென்னையிலோ நிலை இன்னும் கொடியது. 1990-களின் இறுதியில் குடிசைப் பகுதிகளிலிருந்து களவாடப்பட்ட குழந்தைகள், போலித் தாயின் ஒப்பமிட்ட பத்திரங்களுடன் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் தத்தாக அனுப்பப்பட்டமை 2005-இல் வெளிப்பட்டது. புணேயில் பிறந்து செர்மனியில் வளர்ந்த அருண் டோலே என்பவர் தம் கோப்பு ஒன்றைப் பார்ப்பதற்காகவே இந்திய நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். சொத்தில் பங்கு கேட்டன்று. ஒரு தாளைக் கேட்டு.

நம் இலக்கியம் இப்பொருளை அறியாததன்று. மணிமேகலையின் ஆபுத்திரனை நினைவுகூர்வோம். சாலி என்பாள் ஈன்று இரவிலே விட்டுச் சென்ற மகவு. ஆ ஒன்று பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்விப் பசுவை அவன் விடுவித்தபோது, அவனோடு வாதிட இயலாத ஊரார் கையிலெடுத்த கருவி அவன் பிறப்பு. அவன் யார் மகன் என்பது அவனுக்குச் சொல்லப்பட்டது அவன் நலங்கருதி அன்று; அவன் வாயை அடைக்க. வளர்த்தவனும் அவனை வீட்டினின்றும் நீக்கினான். ஆபுத்திரன் சிரித்தான் என்கிறார் சாத்தனார். தமிழ்க் காப்பியங்களில் இதற்கு நிகரான சிரிப்பை நான் அறியேன்.

கன்னன் கதையோ கொலைக்கதையாகவே முடிகிறது. தேர்ப்பாகன் வீட்டில் வளர்ந்தவன், பெற்றவளோ அரசமாதேவி. வில்லிபாரதத்தில் ஓர் அரிய செய்தி உண்டு. உன் தாய் நானே என்று பொய்யுரைத்துப் பொருளாசையால் வந்த மகளிர் பலர். அவர்களைக் கண்டறியக் கன்னனிடம் தெய்வத் துகில் ஒன்று இருந்தது. பொய்த்தாய் உடுத்தால் அது எரித்துவிடும். குந்தி அதை உடுத்தும் எரியாது நின்றாள். இன்றைய மரபணுச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்குமோ? ஆனால் சோதனையில் வென்ற தாய் மகனை அழைத்துச் செல்ல வந்தவள் மட்டும் அல்லள். நாகக்கணையை இரண்டாம் முறை விடாதே என்று வரம் பெற்றுச் சென்றவள். அவ்வரமே அவன் உயிருக்கு வினையாயிற்று. களத்தில் அவன் வீழ்ந்தபின்தான் தம்பியர், தாம் கொன்றது தமையனை என்று அறிகின்றனர். அம்பு எய்தவன் அருச்சுனன் என்பது எல்லோரும் அறிந்தது. அவனை எய்யவிட்டது எது என்று கேட்டால், ஆண்டுகள் பல கட்டிக்காத்த ஒரு மறைப்பு.

இவ்விரு கதைகளோடு எதிர்வைத்து நோக்கத்தக்க வரலாறு ஒன்று நம் சமுதாயம் நன்கறிந்தது. சிறுவயதில் கவர்ந்து செல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்கள், கதீஜா (ரலி) அம்மையார் வழியாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லம் சேர்ந்தார்கள். தந்தை ஹாரிஸா மகனைத் தேடி மக்காவுக்கு மீட்புப் பொருளுடன் வந்தபோது, நபிகளார் பொருளைக் கேட்கவில்லை. முடிவை ஸைத் அவர்களிடமே விட்டார்கள். அவர்கள் வளர்த்த இல்லத்தையே தேர்ந்தார்கள். பிற்காலத்தில், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற இறைக்கட்டளை அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் அருளப்பட்டபின், ஸைத் இப்னு ஹாரிஸா என்ற பெயர் அவர்களுக்கு மீண்டது. அன்பும் குறையவில்லை, பிறப்பும் மறைக்கப்படவில்லை. இசுலாமியச் சட்டத்தில் வளர்ப்புப் பிள்ளை பெற்றவரின் வாரிசுரிமையை இழப்பதில்லை; வளர்த்தவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பகுதி வரை மரணசாசனத்தால் அளிக்கலாம். இதைக் காரணம் காட்டி, தத்து நமக்கு ஆகாது என்று கூறி அநாதைக் குழந்தைக்குக் கதவடைக்கும் போக்கு நம்மவரிடையே உண்டு. மறைப்பைத் தடுத்த கட்டளையை வளர்ப்பதைத் தடுத்த கட்டளையாகப் படிப்பது பிழை. விரும்பினால் எம்மதத்தவரும் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின்வழித் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது.

ஆயின் எல்லாப் பதிவேடுகளையும் எல்லோர்க்கும் திறந்துவிடுவதா? இங்குதான் வினா கடினமாகிறது. தொட்டிலில் குழந்தையை இட்டவர்களுள் மணமாகாத பெண்களும் இருந்திருப்பர். சாதி கடந்த காதலின் பயனைச் சுமந்தவர்களும் இருந்திருப்பர். யாரும் வினவமாட்டார்கள் என்ற சொல்லை நம்பித்தான் அவர்கள் குழந்தையை உயிரோடு விட்டுச் சென்றனர். இன்று வேறொரு குடும்பத்தில் தாயாக, பாட்டியாக இருக்கும் அப்பெண்ணின் வாசலில் ஒருநாள் ஓர் அயலாள் வந்து நின்றால் என்னாகும்? 2015 சூனில் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவரின் உடல் நம் பள்ளிபாளையத்தை அடுத்த இருப்புப்பாதையில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. வேறு சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதே அவர் செய்த குற்றம். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு தாயின் மறைபொருள் அவள் உயிரோடு பிணைந்தது. அதைக் கேலியாகக் கருதுவோர் இவ்வூர்க்காரர் அல்லர்.

இந்த முடிச்சை அவிழ்க்க நம் சட்டத்தில் வழியொன்று இருக்கிறது. அதை அறிந்தோர் சிலரே. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி 18 வயது நிறைந்த தத்துப்பிள்ளை தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்கலாம். தன் அடையாளம் வெளிப்படக் கூடாது என்று தாய் ஒப்படைக்கும்போது கேட்டிருந்தால், அவள் இசைவைப் பெற்ற பின்னரே அது வெளிப்படும். இசைவு மறுக்கப்பட்டாலும், எந்தச் சூழ்நிலையில் ஒப்படைக்கப்பட்டோம் என்பதையேனும் பிள்ளை அறியலாம். மூன்றாமவர் எவரும் தேட இயலாது. ஒப்படைத்த தாய் மனம் மாற 2 மாத அவகாசமும் உண்டு. குழந்தையை விற்றால் 5 ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியரே விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை. குறைகள் இருக்கலாம், எனினும் மகளின் உரிமையையும் தாயின் அச்சத்தையும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய விதிகள் இவை.

ஆனால் இவ்விதிகள் அனைத்தும் ஒன்றை நம்பி நிற்கின்றன: எங்கோ ஓர் உறையில், முத்திரையிட்டாவது, உண்மை எழுதப்பட்டிருக்க வேண்டும். உறைக்குள் இருப்பது மறைப்பு. அதற்கு நியாயம் இருக்கலாம், காலம் கனிந்தால் திறக்கவும் கூடும். நகராட்சிப் பதிவேட்டில் வாங்கியவளைப் பெற்றவளாக எழுதுவது அழிப்பு. அதைத் திறக்க இனி உறையே இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, குழந்தை நல்ல வீட்டில்தானே வளர்கிறது, எழுத்தில் என்ன இருக்கிறது என்று பேசுவோரைப் படித்தவர்களிடையேயும் காண்கிறேன். அக்குழந்தைக்கு 30 வயதில் குருதிநோய் வந்து, மருத்துவர் குடும்பத்தில் யாருக்கேனும் இது உண்டா என்று வினவும்போது அவர்கள் என்ன விடை சொல்வர்?

வடநாட்டில் ரோகித் சேகர் என்பார் முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியே தம் தந்தை என்று 2008-இல் வழக்குத் தொடுத்து, 2012-இல் மரபணுச் சோதனையால் நிலைநாட்டினார். இராசிபுர ஒலிப்பதிவு வெளிவந்த அதே 2019 ஏப்ரலில் அவர் தம் வீட்டிலேயே கொலையுண்டார். மாத நாவல் எழுதுவோர் உடனே வாரிசுப் பகை என்று அத்தியாயம் தொடங்கியிருப்பர். காவல்துறை குற்றஞ்சாட்டியதோ அவர் மனைவியை. அவர் தத்துப்பிள்ளை அல்லர், தாயுடன் வளர்ந்தவர். ஆகவேதான் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இராசிபுரத்திலிருந்து விலைபோன பெண் யார்மீது தொடுப்பாள்?

கதை எழுதிய மாணவியை அழைத்து இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அப்படியானால் என் கதையில் கொலையே வேண்டாவா?" என்றார். கொலை இருக்கட்டும் என்றேன். செல்வர் வீடும் இருக்கட்டும்; ஆனால் அது அவளை வாங்கி வளர்த்த வீடாக இருக்கட்டும். துப்பறிபவர் மாளிகையின் கம்பளத்தில் இரத்தக்கறை தேடுவதற்கு முன் நகராட்சிப் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டட்டும். 49 வயதுப் பெண்மணி ஒருவர், தாம் ஒருநாளும் குடியிருந்திராத ஊரில், தலைப்பிரசவம் கண்டதாக ஒரு வரி அதில் இருக்கும். அவ்வரியை எழுதியவர், எழுதச் சொன்னவர், அதற்கு விலை வாங்கியவர், கண்டும் காணாதிருந்தவர் என நால்வர் கிடைப்பர். நால்வருக்கும் அப்பெண்ணின் வருகையை அஞ்சக் காரணம் உண்டு. காவிரிப் பாலத்துக்கு இப்பால், தறிச்சத்தம் ஓயாத ஒரு சந்தில், தார் சுற்றிக்கொண்டிருக்கும் முதியவள் ஒருத்தி மட்டும் யாரையும் எதிர்பாராது இருப்பாள்.

மாணவி திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறார். பிறப்புப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்வையிட விதி என்ன என்று கேட்டு நேற்று நகராட்சி அலுவலகத்துக்குச் சென்று வந்ததாகவும் சொன்னார்.